ஒன்பது சைக்கிள், எழுபது வளைவு

கேள்வி: டாக்டர், வணக்கமுங்க. பெருந்துறைப் பக்கம் நாங்கள் ஒன்பது பேர் ஞாயிறு தவறாமல் கியர் சைக்கிள் ஓட்டுகிறோம். இதுவரை சென்னிமலை, அறச்சலூர் என்று சுத்துப்பட்டிலேயே ஓட்டியிருக்கிறோம். வரும் ஆடிப்பெருக்குக்குக் காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறி, மேலே தோட்டத்து மண்தடங்களில் ஓட்டிவிட்டு, மறுநாள் அதே வழியில் இறங்குவதாகத் திட்டம். குழுவில் சின்னவன் என் மகன், வயது 16. பெரியவர் என் மாமா, வயது 57, சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் ஒருவன் விழுந்து முழங்கை பிய்ந்தபோது டீக்கடையில் காபித்தூள் வாங்கி அப்பினோம். இந்தத் தடவை முறையாக முதலுதவிப் பெட்டி கொண்டுபோகலாம் என்று நினைக்கிறோம். அதில் என்னென்ன இருக்க வேண்டும்?
பெயர் வேண்டாமுங்க, பெருந்துறை

பதில்: பெட்டிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு கேள்வி. ஒருவர் விழுந்துவிட்டால் அவரோடு யார் கீழே இறங்குவது? இதை முந்தின நாளே பேசி முடித்துவிடுங்கள். மலையில் நின்றுகொண்டு பேசினால், அடிபட்டவனே "எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க போங்க" என்பான். மற்றவர்களும் சந்தோஷமாக நம்பிவிடுவார்கள். இன்னார் கடைசியாக வருவார், பெட்டி அவரிடம் இருக்கும், அவர் 'போதும்' என்றால் அடிபட்டவர் அன்றைக்கு மறுபடி சைக்கிளில் ஏறக்கூடாது என்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓட்டுகிறவரைவிட, பிடிவாதக்காரரே இதற்குத் தோதான ஆள்.

பின்னால் ஒரு கார் வரட்டும். வழியெல்லாம் சிக்னல் கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். கொல்லிமலையில் ஒரு வசதி, எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் எண் போட்டிருக்கிறது. 108-க்குப் பேசும்போது 'பாதி மலையில் இருக்கிறோம்' என்று சொல்லாமல் வளைவு எண்ணைச் சொல்லுங்கள்.

இனி அடிகள். சைக்கிளில் விழுந்து வருகிறவர்களில் ரத்தம் சொட்டச் சொட்ட வருகிறவரைப் பார்த்து நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். மண்தடத்தில் முன்சக்கரம் திரும்பி, ஹேண்டில்பார் நுனி இடது விலாவுக்குக் கீழே குத்தியிருக்கிறது. தோலில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம், அவ்வளவுதான். எழுந்து, டீ குடித்து, பன்னும் சாப்பிட்டுவிட்டு வீடு போய்ச் சேர்ந்தான். ராத்திரி இடது தோள்பட்டை வலிக்கிறது என்று படுத்தவன் எழுந்தபோது தலை சுற்றி விழுந்தான். ஸ்கேனில் மண்ணீரல் கிழிந்திருந்தது. வயிற்றுக்குள் கசிந்த ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியும். தோளில் அடியே படாதவனுக்குத் தோள் வலித்தால் அதை லேசாக விடக்கூடாது. அவன் பிழைத்துக்கொண்டான். வலது பக்கம் குத்தினால் கல்லீரலுக்கு இதே கதி. அதனால் ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியவர், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போகட்டும். அதுவரை சாப்பாடோ தண்ணீரோ வேண்டாம். அந்தப் பையனின் ஹேண்டில்பாரில் நுனி மூடி கழன்று வெறும் குழாய்தான் இருந்ததாம். கிளம்புமுன் ஒன்பது சைக்கிளிலும் பதினெட்டு நுனிகளையும் தொட்டுப் பாருங்கள்.

அடுத்தது தலை. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்காது. விழுந்தவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாரா, எப்படி விழுந்தோம் என்பது ஞாபகமில்லையா, வாந்தி எடுக்கிறாரா, தூங்கி விழுகிறாரா, தலைவலி ஏறிக்கொண்டே போகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸ்தான். ஒன்றுமே இல்லாவிட்டாலும் தலையில் பலமாக அடிபட்டவருக்கு அன்றைய ஓட்டம் முடிந்தது. உங்கள் மகனிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள், பதினாறு வயதில் யாரும் தானாக 'தலை சுற்றுகிறது' என்று சொல்லமாட்டார்கள். கழுத்து வலிக்கிறது, கைகால் மரத்திருக்கிறது என்றால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். படுத்தபடியே தலை அசையாமல் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும்.

கையை ஊன்றி விழுந்தால் காறை எலும்பு உடையும், இல்லாவிட்டால் மணிக்கட்டு. தோளில் போடும் துண்டே போதும், முழங்கையை மடக்கிக் கழுத்தோடு தூளி மாதிரி கட்டிவிடுங்கள். நீவி விடுகிறேன் என்று எவராவது எண்ணெயோடு வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். ஒரு விஷயம் மட்டும் கவனம். கட்டைவிரலுக்கு அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் குழி இருக்கும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதென்றால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் கையை அசைக்காமல் கட்டி வைத்து, 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுக்க வேண்டும். அந்தக் குழிக்கு அடியில் இருக்கும் குட்டி எலும்பு உடைந்திருக்கலாம், அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. விட்டால் கூடாமலே போய்விடும்.

சரி, பெட்டி. காபித்தூள், மஞ்சள்தூள் இரண்டும் சமையற்கட்டிலேயே இருக்கட்டும். அவற்றைச் சுரண்டி எடுத்த பிறகுதான் நாங்கள் காயத்தையே பார்க்க முடிகிறது. தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் துளை போட்டு, பிதுக்கிப் பீச்சி அடித்து மண்ணும் ஜல்லியும் போகும்வரை கழுவுங்கள். ரத்தம் நிற்காவிட்டால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. காஸ் துணி, கிரேப் பேண்டேஜ், பிளாஸ்டர், கையுறை, கத்தரி, ஓ.ஆர்.எஸ்., பாராசிட்டமால், ஒரு சோப்பு போதும். தலையிலோ வயிற்றிலோ அடிபட்டவருக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். சோப்பு எதற்கென்றால், வழியில் குரங்குகள் உண்டு. கடித்தாலோ கீறினாலோ பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியவர்கள் கிளம்புமுன் ஒன்று போட்டுக்கொள்வது நல்லது.

மாமா வரலாம். அவர் சாப்பிடுவது மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சுகர் திடீரென்று இறங்கும் பயம் குறைவு. கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு இருந்தால், அன்றைய அளவைக் குறைக்கலாமா என்று அவருடைய டாக்டரிடமே கேளுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள். மேடேறும்போது எல்லோருக்கும் வியர்க்கும், அதனால் வியர்வையை வைத்து எதுவும் தெரியாது. பேச்சு குழறுகிறதா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா என்று பாருங்கள். (மாமா எப்போதுமே அப்படித்தான் என்றால் குளூக்கோமீட்டர் கொண்டுபோங்கள்.) சந்தேகம் வந்ததும் நிறுத்தி, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். கால்மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. அன்று ராத்திரி தூக்கத்திலும் சுகர் இறங்கலாம், வெறும் வயிற்றோடு படுக்கவிடாதீர்கள். இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது என்று எப்போதாவது சொல்லியிருந்தால் மட்டும், இதயப் பரிசோதனை முடிகிறவரை அவர் காரிலேயே வரட்டும்.

கடைசியாகத் தேதி. ஆடிப்பெருக்கை ஒட்டித்தான் மலைமேல் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. அந்த எழுபது வளைவிலும் வேனும் பஸ்ஸும் வரிசை கட்டி நிற்கும், பிரேக் பிடித்துப் பிடித்தே உங்கள் கை மரத்துப்போகும். இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். மாமா டாக்டரைப் பார்க்கவும், மேலே எந்தத் தடத்தில் ஓட்டலாம் என்று வனத்துறையிடம் விசாரிக்கவும் நேரம் கிடைக்கும்.