தரையில் படுத்த தெரபிஸ்ட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆச்சிக்கு,

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு ஒன்பது வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். நாலு வருஷம் வெளியூரில் ஒரு சென்டருக்குக் கூட்டிப்போனோம். மேசை முன்னால் உட்காரவைத்து, கையைக் கீழே வை, என்னைப் பார், இதைத் தொடு என்று பயிற்சி கொடுப்பார்கள். சரியாகச் செய்தால் ஒரு மிட்டாய். அங்கே போனதில்தான் உட்காரக் கற்றுக்கொண்டான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் போகிற நாளெல்லாம் காலையில் வாந்தி எடுப்பான்.

ஆறு மாதமாகக் காரைக்குடியில் இருக்கும் ஒரு தெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். என் மகன் வீட்டுக் கூடத்தில், பட்டாலையில், பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல்லில் கன்னத்தை வைத்துப் படுத்து, பூவின் கோட்டை விரலால் தடவிக்கொண்டே இருப்பான். முதல் மூன்று வாரம் அவரும் பக்கத்தில் படுத்துத் தடவினார். அவ்வளவுதான். கை உதறுவதை நிறுத்தாதீர்கள், கண்ணைப் பார்க்கச் சொல்லாதீர்கள் என்கிறார். "தரையில படுத்துக் கல்லைத் தடவவா காசு குடுக்குறோம்? இவன் நாளைக்கு ஒரு புள்ளியாக வேண்டாமா?" என்று என் மாமியார் கேட்கிறார். கல்யாணமாகிக் கோயில் கணக்கில் சேரும் குடும்பத்தைத்தான் எங்கள் பக்கம் புள்ளி என்போம். என் கணவருக்கும் சந்தேகம்தான். நியூரோடைவர்சிட்டி என்கிறார்களே, பிள்ளையை அப்படியே விட்டுவிடுவதற்கு அது ஒரு நல்ல பெயரா? வருகிற பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் எல்லாரும் வருகிறார்கள். போன வருஷம், வாயில் போட்டுக்கொள்ளச் சுடரோடு நீட்டிய இழையைப் பார்த்துக் கத்தி ஓடிவிட்டான். என்ன செய்வது?

(பெயர் போட வேண்டாம்)
உ.

*

அன்புள்ள உ.,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். போகிற நாளெல்லாம் காலையில் வாந்தி. அவன் நாலு வருஷமாக "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். வாயால் சொல்லத் தெரியாததை வயிறு சொல்லியிருக்கிறது. உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இதே தப்பை நான் ஆறு வருஷம் செய்தவள்.

என் மகளுக்கு இப்போது இருபத்துநாலு வயது. அவள் போன இடத்தில் 'நல்ல கை' என்று ஒன்று உண்டு. கையை மடியில் வைத்து அசையாமல் இருந்தால் நல்ல கை, நோட்டில் நட்சத்திரம். நட்சத்திரங்களை எண்ணி நானும் சந்தோஷப்பட்டேன். வீட்டில் சாப்பிடும்போது இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்காருவாள். ஒருநாள் குளிப்பாட்டும்போது பார்த்தேன், தொடையின் பின்பக்கம் நகம் பதிந்து வரிவரியாகக் கன்றியிருந்தது. கை உதறுவது எங்கேயும் போய்விடவில்லை, உள்ளே போயிருந்தது. பதினைந்து வயதில் பள்ளிக்கூடம், பேச்சு, சாப்பாடு எல்லாம் ஒரே மாதத்தில் கிட்டத்தட்ட நின்றுபோயின. வருஷக்கணக்கில் தன்னை மறைத்து நடக்கிறவர்களுக்கு வரும் இந்தச் சோர்வுக்கு, ஆட்டிசம் உள்ள பெரியவர்களே 'பர்ன்அவுட்' என்று பெயர் வைத்து எழுதியிருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

மேசை, கட்டளை, மிட்டாய் என்ற முறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் ஓலே ஐவார் லோவாஸ் என்ற உளவியலாளர் 1987இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரம், இரண்டு வருஷத்துக்கு மேல் பயிற்சி. அடியும் அதில் ஒரு பகுதியாக இருந்தது. மற்றப் பிள்ளைகளிலிருந்து வித்தியாசம் தெரியாத அளவுக்கு வந்துவிட்டால் அதுதான் வெற்றி. இன்றைக்கு அடி பெரும்பாலும் போய்விட்டது, பல இடங்களில் மென்மையாகவே நடத்துகிறார்கள், சரி. ஆனால் 'வித்தியாசம் தெரியக்கூடாது' என்ற குறி மாறாத வரைக்கும் பிள்ளையின் வேலை நடிப்பதாகத்தான் இருக்கும்.

இதற்கு எதிராக முதலில் பேசியது டாக்டர்கள் இல்லை, ஆட்டிசம் உள்ளவர்களே. 1993இல் ஜிம் சின்க்ளேர் பெற்றோர்களைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று எழுதினார். எங்கள் பிள்ளைக்கு ஆட்டிசம் இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று நீங்கள் சொல்லும்போது, இந்தப் பிள்ளை இல்லாமல் வேறொரு பிள்ளை இருந்திருக்கக் கூடாதா என்றுதான் எங்கள் காதில் விழுகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். நியூரோடைவர்சிட்டி என்ற சொல் அதே பத்தாண்டின் கடைசியில் புழக்கத்துக்கு வந்தது. மனித மூளைகள் பலவிதமானவை, அதில் ஒருவிதத்தை மட்டும் அளவுகோலாக வைத்து மற்றதைப் பழுது என்று சொல்லாதீர்கள் என்பதுதான் அதன் பொருள். இந்த வழியில் வருகிற தெரபிஸ்டின் முதல் கேள்வியும் வேறாக இருக்கும். 'இதை எப்படி நிறுத்துவது' என்று கேட்கமாட்டார். 'இது இவனுக்கு என்ன செய்து கொடுக்கிறது' என்று கேட்பார்.

தரையில் படுத்ததும் அந்தக் கேள்விக்காகத்தான். ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமெண்டுப் பாலை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டுக் காயவிட்டு, தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியில் படிந்த முகம் என்பதால்தான் அந்த வழவழப்பு. கையால் ஊற்றுவதால் ஒரு பூ இன்னொரு பூ மாதிரி இருக்காது. சித்திரை வெயிலிலும் கன்னத்துக்குச் சில்லென்று இருக்கும். உங்கள் மகன் அந்த வீட்டிலேயே மிக அமைதியான ஒரு பொருளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறான். அவர் அதில் போய்ச் சேர்ந்துகொண்டார். மூன்று வாரமும் அவர் அவனிடம் எதையும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? கேட்காத ஒரு பெரிய ஆளை அவன் அதற்கு முன்னால் பார்த்திருக்கவே மாட்டான்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர் மனசு புரியாது என்று ரொம்ப நாள் சொல்லி வந்தார்கள். டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், 2012இல் அதைத் திருப்பிக் கேட்டார்: அவர்களுடைய மனசு உங்களுக்குப் புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறதே? 2020இல் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எட்டுப் பேர் வரிசையில் ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். எட்டுப் பேரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசையிலும், ஒருவருக்கும் ஆட்டிசம் இல்லாத வரிசையிலும் கதை ஒரே அளவுக்குத் தப்பாமல் போய்ச் சேர்ந்தது. இரண்டு வகையினரையும் கலந்து நிறுத்திய வரிசையில்தான் அதிகம் சிந்திப்போனது.

அப்புறம் இந்தக் கண்ணைப் பார்ப்பது. நம் வீடுகளில் ஐயா பேசும்போது கண்ணுக்கு நேரே பார்த்தால் "என்ன முறைக்கிறே?" என்றுதான் கேட்பார்கள். தலை குனிந்து நிற்பதுதான் நமக்கு மரியாதை. அப்படி வளர்ந்த நாம், ஒரு பிள்ளையை மிட்டாய் காட்டி அஞ்சு விநாடி கண்ணைப் பார் என்று பழக்குகிறோம். பார்த்தால் கேட்க முடியாது, கேட்டால் பார்க்க முடியாது என்று என் மகள் பின்னால் டைப் செய்து காட்டினாள்.

அவள் பேச்சு பற்றியும் சொல்கிறேன். நாலு வயதிலிருந்தே "திருப்பத்தூர் மேலூர் மதுரை, திருப்பத்தூர் மேலூர் மதுரை" என்பாள். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவுவது, அந்த இழுப்புகூட அப்படியே இருக்கும். கல்யாண வீட்டில் சொல்வாள், பல் டாக்டரிடம் சொல்வாள். சென்டர் நோட்டில் 'பொருளற்ற பேச்சு, கண்டுகொள்ள வேண்டாம்' என்று எழுதியிருந்தார்கள். நாங்களும் கண்டுகொள்ளவில்லை. பதினாறு வயதில் வேறொரு தெரபிஸ்ட் வந்தார். இரண்டாம் நாள் இவள் அதைச் சொன்னதும் அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, "பஸ் வந்திருச்சு, ஏறிக்கலாம்" என்றார். என் மகள் வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்து, அன்றைக்கு முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள். இங்கிருந்து போகணும் என்பதைப் பன்னிரண்டு வருஷம் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள்.

'அப்படியே விட்டுவிடுவதா' என்று கேட்டீர்கள். விட்டுவிடுகிற தெரபிஸ்ட் என்றால் நானே நிறுத்தச் சொல்லுவேன். ரோட்டைக் கடப்பது, பல் தேய்ப்பது, கழிப்பறை, உடம்பில் வலி எங்கே என்று காட்டுவது எல்லாம் கற்றுத்தர வேண்டியவைதான். கையை உதறுவது யாருக்கும் காயம் செய்யாது. கையைக் கடித்துக்கொள்வது அப்படி இல்லை. அதற்குக் காரணம் பல்வலியா, மலச்சிக்கலா, குக்கர் விசிலா, தூக்கம் இல்லாததா என்று அவர் துருவ வேண்டும், டாக்டரிடம் அனுப்ப வேண்டும். பேச்சு வருகிற வரைக்கும் காத்திருக்காமல் பட அட்டையோ டேப்லெட்டோ கையில் கொடுக்க வேண்டும். அதனால் பேச்சு நின்றுவிடாது, பயப்படாதீர்கள். அந்த அட்டைகளில் முதல் அட்டை எது என்று பாருங்கள். பெரும்பாலும் 'தண்ணீர்', 'பிஸ்கட்' என்று தொடங்குவார்கள். 'வேண்டாம்', 'நிறுத்து' இரண்டும் முதல் வாரத்திலேயே இருக்க வேண்டும். அவன் அதைக் காட்டினால் அந்த நிமிஷம் அவர் நிறுத்துகிறாரா? இந்த ஒன்றை வைத்தே நான் ஒரு தெரபிஸ்டை எடைபோடுவேன். மிட்டாய் கொடுக்கிற பெரியவர் எதைச் சொன்னாலும் செய்யப் பழகிய பிள்ளை, நாளைக்குத் தப்பான ஒருவன் சொன்னாலும் செய்யும். பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் தூங்காத இரவுகள் இதற்காகத்தான்.

மற்றது சுருக்கமாக. அவர் சிறப்பு ஆசிரியரோ பேச்சுப் பயிற்சியாளரோ மருத்துவ உளவியலாளரோ என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், தப்பில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கியாயிற்றா? மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவுக்கும் கொஞ்சம் உதவும்.

உங்கள் மாமியார் கேட்டதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணம் ஆனால்தான் புள்ளி என்று எண்ணுகிற ஊரில், இந்தப் பிள்ளையைக் கோயில் கணக்கில் யார் சேர்ப்பார்கள், நான் போன பிறகு இவனுக்கு யார் என்பதுதான் அந்த அப்பத்தாவின் கேள்வி. ஆட்டிசம் உள்ளவர்கள் கல்யாணம் செய்துகொண்டு குடும்பம் நடத்துகிறார்கள், வேண்டாம் என்று இருப்பவர்களும் உண்டு. ஒன்பது வயதில் அதைத் தீர்மானிக்க முடியாது. அவரையும் ஒருநாள் தெரபிஸ்ட் வரும்போது பட்டாலையில் உட்காரச் சொல்லுங்கள். தரையில் படுக்க வேண்டியதில்லை, நாற்காலி போதும். பேரன் யார் பக்கம் திரும்புகிறான், எப்போது மூச்சு நிதானமாகிறது என்று அவரே பார்க்கட்டும். ஆறு பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதெல்லாம் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இனி நோன்பு விஷயத்துக்கு வருகிறேன். இழை எடுப்பது பெரியவர்களுக்கு ஒரு நொடி வேலை. இருபத்தொரு நூல் திரியை மாவில் வைத்து, நெய்ச்சுடர் எரிய எரிய வாயில் போட்டுக்கொள்வோம். அவன் பக்கம் நின்று பாருங்கள். முகத்துக்கு நேரே நெருப்பு வருகிறது. நெய் கருகும் வாசனை, சுற்றிலும் முப்பது பேர், "வாயைத் திற, திற" என்ற சத்தம். ஒலியும் வாசனையும் தொடுகையும் இவர்களுக்குக் கூடுதலாகவோ குறைவாகவோ படும் என்பது 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டிலேயே ஆட்டிசத்தின் அடையாளமாகச் சேர்ந்திருக்கிறது. போன வருஷம் அவன் ஓடியது பிடிவாதத்தினால் இல்லை.

இந்த வருஷம் தெரபிஸ்டோடு சேர்ந்து முன்கூட்டியே திட்டம் போடுங்கள். கார்த்திகை தீபம் முடிந்ததும் நாள் எண்ணுகிற அட்டை ஒன்றைச் சுவரில் மாட்டுங்கள், இருபத்தொரு கட்டம். நோன்பு அன்றைக்கு என்னென்ன, யார் யார் வருவார்கள் என்று படமாக வரைந்து தினமும் காட்டுங்கள். பங்காளிகள் வருகிற நேரத்துக்கு வீட்டின் இரண்டாம் கட்டில் ஒரு உள்ளறையை அவனுக்கென்று விடுங்கள். கதவை உள்ளிருந்து அவன் திறக்கும்படி இருக்கட்டும், காது மூடும் ஹெட்போனும் அங்கேயே இருக்கட்டும். சுடர் இல்லாத வெறும் மாவை இரண்டு நாள் முன்னாலேயே கையில் கொடுத்துப் பாருங்கள். பிசைந்துவிட்டுப் போட்டாலும் சரி.

எங்கள் வீட்டில் என் மகளுக்குப் பத்து வயது வரைக்கும் வாயைப் பிடித்துத் திறந்து இழையைக் கொடுத்தோம். இப்போது எல்லாரும் எடுத்துக்கொண்ட பிறகு, கூட்டம் கலைந்ததும் அவள் வருவாள். அப்பச்சி திரியை ஏற்றித் தட்டில் வைப்பார். அது தானாக அணைகிற வரைக்கும் தூர நின்று பார்ப்பாள். ஆறினபின் மாவை மட்டும் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை விரலில் உருட்டிக்கொண்டே வளவைச் சுற்றி வருவாள், கையை உதறிக்கொண்டு.

அன்புடன்,
ஆச்சி