படுதா எழுதியவர்கள்: கேள்வி – பதில்

கேள்வி: பழைய நாடகக் கம்பெனிகளில் சீன் எழுதிய ஓவியர்கள் எண்ணெய் வண்ணத்தையா பயன்படுத்தினார்கள்? படுதா, அதாவது காட்சி எழுதிய மேடைத் திரை, எப்படித் தயாரானது?

பதில்: எண்ணெய் வண்ணம் படுதாவுக்குத் தோதுப்படாது. காய நாளாகும், விளக்கொளியில் பளபளக்கும், துணியையும் கனக்கச் செய்யும். பெரும்பாலும் பொடி வண்ணமும் வச்சிரப் பசையும்தான். வச்சிரம் என்பது விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சி எடுக்கும் பசை.

காடாத் துணியைக் குறுக்கே மூட்டித் தைப்பது நல்லது. தையல் மேலிருந்து கீழாக ஓடினால் அந்த இடம் சுருங்கி இழுக்கும். குறுக்கே ஓடினால் அடிக்கழியின் கனமே அதை நீவிவிடும். பிறகு நான்கு ஓரமும் ஆணியடித்து இறுக்க வேண்டும். பசை நீர் பட்டதும் துணி சுருங்கும் என்பதால், ஆணியடிக்காமல் பூசினால் அலை அலையாகிவிடும். அதன்மேல் எழுதும் தூண் நேராக நிற்காது.

வச்சிரத்தை முந்தின இரவே ஊறப்போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குவார்கள். நேரே அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டால் ஒட்டும் சக்தி போய்விடும். அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு வச்சிரத்துக்குப் பத்துப் பங்கு நீர் என்பது உத்தேசக் கணக்குதான். வச்சிரத்தின் தரத்துக்கேற்ப மாறும் என்பதால் கடைசித் தீர்ப்பு விரலுக்கு: பசையில் தோய்த்த இரு விரல்களை ஒட்டிப் பிரித்தால் லேசாகப் பிடிக்க வேண்டும். பசை அதிகமானால் படுதாவைச் சுருட்டும்போது வண்ணம் வெடித்து உதிரும். குறைந்தால் பொடியாகி நடிகரின் உடுப்பில் ஒட்டும்.

அதன்மேல் சீமைச் சுண்ணாம்புப் பூச்சு; அது காய்ந்த பிறகு கட்டம் போடுவது. முதலில் எழுதிவைத்த சிறிய மாதிரிப் படத்தில் ஓர் அங்குலக் கட்டம், துணியில் ஓர் அடிக் கட்டம். கரித்தூள் தடவிய நூலை இழுத்துத் தெறிக்கவிட்டால் கோடு விழும். துணி தரையில் கிடந்தால் மூங்கிலில் கட்டிய தூரிகையால் நின்றபடியே எழுதலாம். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்க்கக்கூடாது. ஈரத்தில் அடிப்பூச்சு கரைந்து மேலே வந்து வண்ணத்தைச் சேறாக்கிவிடும்.

கேள்வி: இந்தப் படுதாக்கள் பகலில் கிட்டப் பார்த்தால் கொச்சையாகத் தெரிகின்றனவே, ஏன்?

பதில்: பகலில் கிட்டப் பார்ப்பதற்காக எழுதியதல்ல. எண்ணெய் விளக்கும் காஸ் விளக்கும் மஞ்சள் சாய்ந்த ஒளி தருபவை. அதில் வெளிர்மஞ்சள் வெள்ளையோடு கலந்து மறையும், நீலம் கறுத்து மங்கும். அதனால் வானத்தைச் சற்றுக் கூடுதல் நீலமாகவே எழுத வேண்டும். இரவு விளக்கேற்றித் தூர நின்று பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. இன்னொரு தொல்லை: பசை வண்ணம் ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்ததும் வெளுத்துவிடும். கலக்கும்போதே ஒரு துணித்துண்டில் தடவி, அனலில் காட்டிப் பார்த்துக்கொள்வது வழி. ஒரு வானத்துக்கு வேண்டிய நீலம் முழுவதையும் ஒரே தடவையில் கலக்காதவர் பாதி வானத்தில் மாட்டிக்கொள்வார்.

கேள்வி: எந்த நாடகமானாலும் அதே தெரு, அதே காடு, அதே தர்பார் என்று ஓட்டினார்களே, சிக்கனமா?

பதில்: சிக்கனமும் உண்டு, ஊர் ஊராகத் தூக்கிச் செல்லும் கம்பெனிக்கு மூட்டை குறைவாக இருக்க வேண்டும். ஆனால் உண்மையான சூட்சுமம் வேறு. தெருப் படுதா மேடையின் முன்பக்கம் இறங்கும். அதன்முன் இரண்டு பேர் பேசிப் பாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பின்னால் சிம்மாசனம் போட்டு தர்பாரைத் தயார் செய்துவிடலாம். கதையில் அந்தத் தெருக்காட்சிக்குப் பெரிய அவசியம் இல்லாமலும் இருக்கலாம், மேடைக்கு அவசியம். பின்படுதாவில் வேறொரு சிக்கல். எட்டத்து மண்டபத்தின் வாசலைச் சிறிதாக எழுதியிருப்பார்கள். நடிகர் அதன் பக்கத்தில் போய் நின்றால் அரக்கன் மாதிரித் தெரிவார். அவரை முன்னே நிறுத்துவதுதான் வழி.

கேள்வி: காலண்டர் ஓவியர்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. சிவகாசியில் அச்சான சாமி படங்களால் புகழ்பெற்ற கோவில்பட்டி கொண்டையா ராஜு (1898–1976) நாடகத்துக்குத் திரை எழுதியவர்.

கேள்வி: பரணில் பழைய படுதாச் சுருள் ஒன்று இருக்கிறது. ஈரத்துணியால் துடைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. பசை நீரில் கரையும். ஒரு சொட்டு விழுந்தாலே வளையக் கறை நிற்கும். ஈரமில்லாத நாளில் தரையில் மெல்ல விரியுங்கள். விறைத்து நின்றால் வலிந்து இழுக்காதீர்கள். வண்ணம் உறுதியாக ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் மென்மையான தூரிகையால் தூசியைத் தள்ளலாம். மடித்தால் மடிப்போரமாக வண்ணம் உதிரும் என்பதால், பருத்த உருளையில் வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி, இடையே சுத்தமான பருத்தித் துணி வைத்துத் தளர்வாகச் சுருட்டுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.