சட்டமா, சட்டத்தோடு எம்பிஏவுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள், நியூ ஜெர்சியில் ஒரு ஆடிட் நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். கல்லூரிச் சராசரி மதிப்பெண்ணான ஜிபிஏ 3.7. சட்டப் பள்ளி நுழைவுத் தேர்வான எல்சாட்டை ஒரு முறை எழுதி 164 வாங்கினேன். ஜேடி என்ற சட்டப் பட்டமும் எம்பிஏவும் சேர்ந்த கூட்டுப் படிப்பில் சேர ஆசை. பெரிய சட்டப் பள்ளிகளில் இடமும் ஸ்காலர்ஷிப்பும் கிடைக்குமா? அப்பா, "முதலில் ஒன்றை முடி, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். (பெயர் வேண்டாம்)

பதில்: எல்சாட்டை இன்னொரு முறை எழுதுங்கள் அம்மா. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காரணம் இருக்கிறது. உங்கள் ஜிபிஏ முடிந்துபோன விஷயம், இனி ஒரு புள்ளிகூட மாறாது. உங்கள் கையில் மிச்சம் இருப்பது எல்சாட் ஒன்றுதான். தரவரிசையில் முதல் 14 இடங்களில் வரும் பள்ளிகளில் எல்சாட் மீடியன் (சேர்ந்தவர்களின் நடு மதிப்பெண்) 170-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது. 164-ஐ வைத்துக்கொண்டு அங்கே விண்ணப்பித்தால் இடத்துக்கே போராட வேண்டும், ஸ்காலர்ஷிப் பேச்சே எழாது. அதே 164 கொஞ்சம் கீழே உள்ள பல பள்ளிகளில் மீடியனைத் தாண்டிய மதிப்பெண், அங்கே அவர்களே பணம் கொடுத்துக் கூப்பிடுவார்கள். பள்ளிகள் உங்கள் உயர்ந்த மதிப்பெண்ணைத்தான் கணக்கில் காட்டுகின்றன, அதனால் திரும்ப எழுதுவதில் பயம் வேண்டாம். பழைய புத்தகங்களை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். 2024 ஆகஸ்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதியே கிடையாது. மதிப்பெண் சேரும் மூன்று பகுதிகளில் இரண்டு, வாதங்களை அலசும் லாஜிக்கல் ரீசனிங், ஒன்று வாசிப்புப் பகுதி.

ஒவ்வொரு பள்ளியும் தன் இணையதளத்தில் '509 அறிக்கை' என்று ஒன்றை வெளியிட்டாக வேண்டும். அமெரிக்க வழக்கறிஞர் சங்கமான பார் அசோசியேஷனின் விதி அது. மீடியன் எவ்வளவு, எத்தனை பேருக்கு எவ்வளவு உதவித்தொகை, நிபந்தனையோடு கொடுத்த உதவித்தொகையை எத்தனை பேர் பிறகு இழந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசியாகச் சொன்னதைக் கட்டாயம் பாருங்கள். வகுப்பில் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால்தான் பணம் தொடரும் என்று நிபந்தனை போட்டுவிட்டு, அந்த உதவித்தொகையைப் பாதி வகுப்புக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? மதிப்பெண்ணை ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுத்தான் போடுகிறார்கள், எவ்வளவு உழைத்தாலும் சிலர் இழந்தே தீர வேண்டும்.

இடம் கிடைத்தால் அங்கேயே சேருவேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொடுக்கும் எர்லி டிசிஷன் பக்கம் போகாதீர்கள். என் அக்கா மகன் அப்படித்தான் ஒரு பள்ளிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். இடம் கிடைத்தது, பணம் மிகக் குறைவு, வேறு பள்ளியின் கடிதத்தைக் காட்டி இன்னும் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்க வழியே இல்லாமல் போனது. சாதாரண முறையில் செப்டம்பர், அக்டோபரிலேயே விண்ணப்பித்துவிட்டு, இரண்டு மூன்று பள்ளிகளின் கடிதம் கையில் வந்ததும் மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது அங்கே வழக்கம்தான். ஆனால் ஹார்வர்டும் யேலும் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி தருகின்றன, மதிப்பெண்ணைக் காட்டிப் பேரம் பேச முடியாது.

இப்போது எம்பிஏ. கூட்டுப் படிப்பு பெரும்பாலும் நான்கு வருடம். பென்சில்வேனியா, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகங்களில் மூன்றே வருடத்தில் முடிக்கலாம். நான்காவது வருடத்தின் விலை ஃபீஸ் மட்டும் இல்லை, ஒரு வருடச் சம்பளமும் போகிறது. பெரிய சட்ட நிறுவனங்களில் முதல் வருட அடிப்படைச் சம்பளம் 2,25,000 டாலர் வரை இருக்கிறது, எம்பிஏ இருக்கிறது என்பதற்காக அதைப் பெரும்பாலும் கூட்டித் தருவதில்லை. கடன் கணக்கும் மாறிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு மேற்படிப்புக்கான அரசின் கிராட் பிளஸ் கடன் இல்லை. அரசுக் கடன் சட்டப் படிப்புக்கு வருடத்துக்கு 50,000 டாலர், எம்பிஏ போன்ற படிப்புக்கு 20,500 டாலர்தான். அதோடு சட்டப் பள்ளி தரும் ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் சட்டப் பள்ளி ஃபீஸுக்கு மட்டும்தான், எம்பிஏ பருவங்களுக்கு வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வழக்கறிஞராகத்தான் இருக்கப் போகிறேன் என்றால் எனக்கு எம்பிஏ தேவையாகத் தெரியவில்லை, ஆடிட் அனுபவமே கணக்குப் புரியும் என்று காட்டிவிடும். நிறுவனங்களை வாங்கி விற்கும் பிரைவேட் ஈக்விட்டி, சொந்தத் தொழில், நிறுவன நிர்வாகம் என்று மனம் போகிறது என்றால் கதை வேறு, அப்போது அந்த மூன்று வருடப் படிப்புகளைத் தீவிரமாகப் பாருங்கள். இன்னும் முடிவாகவில்லையா? பல பள்ளிகளில் ஜேடி முதல் வருடம் படித்துக்கொண்டே எம்பிஏவுக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் அப்பா சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

கேள்வி: நான் பி.காம் இந்தியாவில் முடித்தவன், எஃப்1 மாணவர் விசாவில் ஜேடி படிக்க நினைக்கிறேன். என் ஜிபிஏவை எப்படிக் கணக்கிடுவார்கள்?

பதில்: எண்ணாக மாற்ற மாட்டார்கள் தம்பி. மதிப்பெண் பட்டியலைப் பார்த்து எந்தத் தரம் என்று, எல்சாட்டை நடத்தும் எல்சாக் அமைப்பு ஒரு வார்த்தையில் மதிப்பிட்டு அனுப்பும். உங்கள் கல்லூரி மதிப்பெண் பள்ளியின் ஜிபிஏ மீடியனில் சேராது, ஆகவே எல்சாட்தான் உங்களுக்காகப் பேச வேண்டும். அரசுக் கடன் உங்களுக்குக் கிடையாது, தனியார் வங்கிகள் பெரும்பாலும் அங்கே குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஒருவரின் ஜாமீன் கையெழுத்தைக் கேட்கும். அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதை விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.