ஐம்பது காசு மறையும் வித்தை: பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டால்

தம்பி, தீபாவளிக்குச் சுங்கை சிப்புட் தோட்டத்து வீட்டில் காசை மறைத்துக் காட்டியபோது, "மாமா, அந்தக் கையில இருக்கு!" என்று அக்காள் பிள்ளைகள் கத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். வேகத்தைக் கூட்டியும் பலனில்லை என்கிறீர்கள். வேகமே வேண்டாம். உங்கள் கண்தான் காட்டிக்கொடுத்திருக்கும்.

நீங்கள் செய்வது பிரெஞ்சு டிராப், அதாவது காசை மறு கையால் எடுப்பதுபோல் நடிக்கும் வித்தை. இடது விரல் நுனிகளில் காசு. வலது கட்டைவிரல் அதன் அடியில் நுழைகிறது. மற்ற விரல்கள் மறைக்கும் அந்த நொடியில் காசு இடது உள்ளங்கையில் விழுகிறது. இதுவரை எல்லாருக்கும் வந்துவிடும். அப்புறம்தான் சிக்கல். வெறும் வலது கையை, உண்மையிலேயே காசு இருப்பதுபோல் நீங்களே பார்க்க வேண்டும். முதலில் பத்து தடவை நிஜமாகவே காசை எடுத்துப் பாருங்கள். தலை எப்படித் திரும்புகிறது, இடது கை எப்படித் தளர்ந்து இறங்குகிறது என்று கண்ணாடியில் கவனித்து, அதையே பொய்யாகச் செய்யுங்கள்.

இடது கையை இறுக்கி மூடாதீர்கள். சட்டைப் பையிலிருந்து பேனா எடுக்கப் போகட்டும். காசையும் அங்கேயே விட்டுவிடலாம்.

இன்னொன்று, பிள்ளைகளை நேர் எதிரே உட்கார வையுங்கள். ஒரு கல்யாண வீட்டில் என் இடப்பக்கம் பாயில் இருந்த சிறுமிக்குக் காசு விழுந்ததே தெரிந்துவிட்டது.

2012க்கு முந்தைய பெரிய மலேசிய ஐம்பது காசு கிடைத்தால் அதை எடுங்கள். பிள்ளைகளுக்குத் தூரத்திலிருந்தும் பளிச்சென்று தெரியும்.