தோழியை வெளியே உட்கார வைப்பது எப்படி?

கேள்வி: நான் ஒரு வேளாண் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பெண்கள் விடுதியில் பழைய பிளாக், புது பிளாக் என்று இரண்டு. வருடா வருடம் இரண்டுக்கும் கபடி நடக்கும். போன வருடம் மோசமாகத் தோற்றோம். காரணம் ஒரே ஆள். புது பிளாக்கின் ரெய்டர் (பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்த் தொட்டுவிட்டு வருபவள்) பள்ளிக் காலத்தில் மாவட்ட அளவில் ஆடியவள். இந்த வருடம் நான் கேப்டன். எங்கள் ஏழு பேரில் மூன்று பேர் கபடிக்கே புதுசு. அந்த ரெய்டருக்கு வலது முழங்காலில் பழைய அடி இருக்கிறது. "அந்தக் காலையே பார்த்துப் பிடிப்போம், ரெண்டு ரெய்டுல உட்கார்ந்துடுவா" என்கிறார்கள் எங்கள் பிள்ளைகள். முதல் வருடம் அவளும் நானும் ஒரே அறை. முழங்கால் விஷயத்தைப் பேச்சுவாக்கில் இவர்களிடம் சொன்னதே நான்தான். மேட்சுக்கு மூன்று வாரம் இருக்கிறது. என்ன செய்யட்டும்?
(பெயரும் ஊரும் வேண்டாம்)

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் பிள்ளைகள் பாதி சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள். அந்த ரெய்டர் களத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தால் நீங்கள் ஜெயிக்கலாம். ஆனால் அதற்கு முழங்கால் எதற்கு? ஆளை உட்கார வைக்கும் வேலையைக் கபடியின் விதியே செய்கிறது. பிடிபட்டவர் வெளியே போக வேண்டும். அவர் அணி உங்களில் ஒருவரை அவுட் ஆக்கினால்தான் திரும்ப வரலாம், அதுவும் வெளியே போன வரிசைப்படி.

போன வருடமும் அவரை ஒன்றிரண்டு முறையாவது பிடித்திருப்பீர்கள். பிடித்ததும் என்ன நடந்திருக்கும்? பிளாக்கே எழுந்து கத்தியிருக்கும். அந்த வேகத்தில் உங்கள் ரெய்டர் பாய்ந்துபோய் அந்தப் பக்கம் மாட்டியிருப்பார். அவ்வளவுதான், உங்கள் தோழி உள்ளே. விடுதி மேட்ச்களில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். பெரிய ரெய்டரைப் பிடிப்பதைவிட, பிடித்த பிறகு ஐந்து நிமிடம் பொறுமையாக இருப்பது கஷ்டம்.

அவர் வெளியே இருக்கும்போது உங்கள் ரெய்டர் வீரம் காட்ட வேண்டாம். பெண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டரில் பாக் லைன் இருக்கிறது. யாரையும் தொடாமலும் அதைத் தாண்டாமலும் திரும்பினால் ரெய்டரே அவுட். ஆகவே அதைத் தாண்டிவிட்டு, ‘கபடி கபடி’ என்ற பாட்டை விடாமல், 30 விநாடி முடிவதற்குள் வீடு வந்து சேர்ந்தால் போதும். இப்படி வெறுங்கையோடு இரண்டு முறை வரலாம். மூன்றாவது ‘டூ ஆர் டை’, பாயின்ட் எடுக்காவிட்டால் அவுட். அப்போது எதிரே ஆறு பேர் இருந்தால், தாண்டினால் ஒரு பாயின்ட் தரும் போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டிப் பார்க்கலாம். அது பாக் லைனிலிருந்து இன்னும் ஒரு மீட்டர் உள்ளே. ஒரு கால் அதைத் தாண்டும்போது மற்ற கால் தரையில் இருக்கக் கூடாது. அவர்கள் போனஸ் எடுத்தாலும் பதற வேண்டாம். பாயின்ட் ஏறும், ஆனால் போனஸுக்கு ஆள் உள்ளே வர முடியாது.

கடிகாரத்தையும் கொஞ்சம் பாருங்கள். பாதிக்கு 15 நிமிடம், ரெய்டுக்கு 30 விநாடி என்று வைத்தால் ஒரு மேட்சில் மொத்தம் 60 ரெய்டு, உங்களுக்கு 30, அவர்களுக்கு 30. நீங்கள் 10 விநாடியில் ஓடி வந்தால் அவர்களுக்குக் கூடுதல் ரெய்டு கிடைக்கும், அதில் பெரும்பகுதி உங்கள் தோழிக்குத்தான் போகும். மெதுவாகப் போய் மெதுவாக வாருங்கள். பால்கனியில் நிற்பவர்கள் ஊளையிடுவார்கள். ஊளையிடட்டும்! ஒரு பாயின்டில் ஜெயித்தாலும் ஜெயித்ததுதான். 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் பெண்கள் சீன தைபேயை வென்று தங்கம் வாங்கியது 26-25 என்ற கணக்கில்தான்.

சரி, பிடிப்பது எப்படி? புதியவர்கள் மூவரையும் மூலையில் நிறுத்தாதீர்கள். இரண்டு கார்னரும் அனுபவசாலிகளிடம் இருக்கட்டும். புதியவர் ஒருவர் கார்னரில் நிற்பவரின் கையைக் கோத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கட்டும். எப்போது பிடிப்பது என்ற முடிவு கார்னருடையது மட்டும். ரெய்டர் போனஸுக்குக் கால் நீட்டும் நொடிதான் கார்னருக்கு நல்ல சந்தர்ப்பம். கார்னர் கணுக்காலில் விழுந்ததும் புதியவர் செய்ய வேண்டிய வேலை ஒன்றே: ரெய்டருக்கும் நடுக்கோட்டுக்கும் நடுவில் போய் நின்று இடுப்பைக் கட்டிக்கொள்வது. தானாகப் பாயக் கூடாது. ஆர்வத்தில் ஒருவர் முந்திக்கொண்டால் பிடி நழுவும், ஒரே ரெய்டில் இரண்டு பேர் வெளியே போவார்கள். இந்த மூன்று வாரமும் அந்த மூவருக்கு வேறெதுவும் சொல்லித் தர வேண்டாம் என்பேன். சாயங்காலம் அரை மணி நேரம் இதையே செய்யட்டும், போரடித்தாலும்.

அப்புறம், உங்கள் பி.டி. மேடத்திடம் இரண்டு கேப்டன்களும் சேர்ந்து போய் எந்த விதியில் ஆடுகிறோம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டிவியில் பார்க்கிற டூ ஆர் டை, மூன்று பேருக்குள் இருக்கும்போது பிடித்தால் கூடுதல் பாயின்ட் தரும் சூப்பர் டேக்கிள், இதெல்லாம் உண்டா இல்லையா? முக்கியமாக லாபி. களத்தின் இரு பக்கமும் உள்ள அந்த ஒரு மீட்டர் பட்டையில் யாரையாவது தொட்ட பிறகுதான் கால் வைக்கலாம். தொடாமல் ரெய்டர் லாபிக்குள் போய், பிடிக்கப் போனவர்களும் பின்னாலேயே போனால் யாருக்கு எத்தனை பாயின்ட்? சொன்னேனே, அதே 2023 அக்டோபர் 7, அதே ஊர், ஆண்கள் இறுதிப் போட்டி. இந்தியாவும் ஈரானும் 28-28 என்று நிற்கும்போது பவன் செராவத்தின் ரெய்டில் இந்தக் கேள்விதான் வந்தது. பழைய விதியா புது விதியா என்று நடுவர்களே மாற்றி மாற்றிச் சொல்ல, ஆட்டம் நெடுநேரம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று ஜெயித்தது. நாடுகளுக்கே அந்தக் கதி என்றால் பழைய பிளாக், புது பிளாக் எம்மாத்திரம்?

நகம் வெட்டுவது, கொலுசு, மோதிரம் கழற்றுவது, எண்ணெய் தடவிக்கொண்டு வராமல் இருப்பது எல்லாம் விதியிலேயே இருக்கிறது. மேட்ச் அன்று கொலுசைக் கழற்ற முடியாமல் யாராவது ஒருத்தி நிற்பாள், முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

இனி முழங்கால். விதியைக் காட்டி உங்கள் பிள்ளைகளைத் தடுக்க முடியும் என்று எண்ண வேண்டாம். ரெய்டரின் கை, கால், உடல் எதையும் பிடிக்கலாம். ஆபத்தான பிடி என்று நடுவர் கண்டால்தான் அட்டை காட்டுவார், அதற்குள் நடப்பது நடந்துவிடும். அடிபட்ட முழங்கால் பிடிக்குள் திருகி உள்ளே தசைநார் அறுந்தால் அறுவை சிகிச்சை வரை போகும், திரும்ப ஓட மாதக்கணக்கில் ஆகும். வயலில் நின்று படிக்க வேண்டிய படிப்பு அவருடையது. ஆகவே இது கேப்டன் சொல்ல வேண்டிய விஷயம். அணியைக் கூட்டி, "அந்த முழங்காலைப் பற்றி இனி எவளாவது பேசினால் அவள் சப்ஸ்டிட்யூட்" என்று சொல்லுங்கள். அந்த வாயாடி உங்கள் நல்ல கார்னராகவே இருந்தாலும் சரி.

அதோடு முடியவில்லை. உங்கள் தோழியிடமும் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. அறையில் நம்பிச் சொன்ன விஷயம் எதிர் பிளாக் முழுவதும் தெரிந்திருக்கிறது என்பதை அவர் களத்தில் கண்டுபிடிக்கக் கூடாது. "உன் முழங்கால் பத்தி எங்க பிளாக்குக்குத் தெரியும், என்னாலதான். யாரும் அதைக் குறிவைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். நீயும் டாக்டர்கிட்ட காட்டிட்டு ஆடு" என்றால் போதும். அழுது நீட்ட வேண்டாம். அவர் கோபப்படலாம், மேட்ச் முடியும்வரை பேசாமலும் இருக்கலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தால் "கட்சி மாறிட்டா" என்பார்கள். அவரைப் பிடிக்கப் போகும் திட்டத்தையா சொன்னீர்கள்? அது உங்களிடமே இருக்கிறது.

மேட்சுக்கு முந்தின நாள் போய்ச் சொன்னால் மிரட்டுகிற மாதிரி ஆகிவிடும். இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.