காரைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால் எந்தப் பக்கம் பார்ப்பது?

உங்கள் கேள்வி: காரை இடப்பக்கம் திருப்பும்போது முன் சக்கரத்திலிருந்து கரகரவென்று அரைக்கும் சத்தம் வருகிறது, நேராகப் போனால் குறைகிறது, பேரிங் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

பேரிங், அதாவது சக்கரம் எளிதாகச் சுழல உதவும் குண்டுகள் வைத்த வளையம், காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் எந்தப் பக்கத்துப் பேரிங் என்று கேட்டீர்களா? என் வண்டியில் தப்பு நடந்தது அங்கேதான். எனக்கும் இடப்பக்கம் திருப்பும்போதுதான் சத்தம். ஒர்க்‌ஷாப்பில் இடது பேரிங்கை மாற்றிக் கொடுத்தார்கள். வெளியே வந்து முதல் வளைவிலேயே அதே சத்தம்.

பஸ் இடப்பக்கம் வளைந்தால் நாம் வலப்பக்கம் சாய்கிறோம் அல்லவா? கார் திரும்பும்போதும் எடை அப்படித்தான் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் ஏறுகிறது. தேய்ந்த பேரிங் எடை ஏறும்போது அதிகமாகக் கத்தும். அதனால் இடப்பக்கம் திருப்பும்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங்தான் காரணம். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், விதிவிலக்குகள் உண்டு. வண்டிக்குள் உட்கார்ந்து காதால் மட்டும் முடிவு செய்யவே கூடாது, பாடி வழியாகச் சத்தம் எங்கெங்கோ பரவி ஏமாற்றிவிடும்.

கையால் பார்ப்பதுதான் நம்பகமான வழி. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். முன் சக்கரத்தை ஜாக்கால் தூக்கியதும், வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு கொடுக்காமல் எதையும் தொடாதீர்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்குப் பக்கத்தில் வேலை செய்வது உயிரோடு விளையாடுவது. சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் (சக்கரத்தை சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு). இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆடினால் ஸ்டியரிங் ராடு, அதாவது சக்கரத்தைத் திருப்பும் கம்பி, பக்கம் பாருங்கள். அப்புறம் கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, இன்னொரு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். கெட்ட பேரிங் என்றால் மணலை அரைப்பது போன்ற அதிர்வு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்துவிடும். ஆட்டமே இல்லாத பேரிங்கும் இப்படிப் பிடிபடும். இரண்டு பக்கமும் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் சட்டென்று தெரியும்.

சக்கரத்தைத் தூக்கியிருக்கும்போதே கொஞ்சம் மற்றவற்றையும் பார்த்துவிடுங்கள். பிரேக் பிடிக்கும் வட்டத் தட்டான டிஸ்க்குக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு இருக்கும், டஸ்ட் ஷீல்டு என்பார்கள். அது வளைந்திருந்தாலோ, அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு சின்னக் கல் மாட்டியிருந்தாலோ தகரத்தைச் சுரண்டுவது போலக் கேட்கும். கல்லை எடுத்துவிட்டு, தகட்டை நிமிர்த்திவிட்டால் போதும், செலவே கிடையாது. பிரேக் பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பேரிங் தளர்ந்தால் வளைவில் டிஸ்க்கே லேசாகச் சாய்ந்து பேட்டில் உரசும், பேட்டைப் பின்னுக்கும் தள்ளிவிடும். அதனால் வளைவு முடிந்ததும் பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கினால் பேரிங் மேல்தான் என் சந்தேகம்.

சத்தம் கரகரவென்று இல்லாமல், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகரும்போது டக் டக் டக்கென்று கேட்டால் அது சிவி ஜாயின்ட், அதாவது இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு. அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கும். வண்டி நின்றிருக்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலே சத்தம் வந்தால் வீல் பேரிங்கை விட்டுவிடுங்கள். ஸ்ட்ரட் மவுன்ட் (சஸ்பென்ஷனின் மேல் முனையைப் பாடியோடு பிடிக்கும் பாகம்) அல்லது, ஆயில் வைத்த பவர் ஸ்டியரிங் என்றால், ஆயில் குறைவு.

சரி, பேரிங்தான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்போடு சேர்ந்து போல்ட் போட்டு வரும் வகை என்றால் கருவிகளும் அனுபவமும் உள்ளவர் வீட்டிலேயே மாற்றலாம். அழுத்திப் பொருத்தும் வகை என்றால் பிரஸ் (அழுத்தும் இயந்திரம்) இருக்கும் இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றுபவரிடம் கொடுக்காதீர்கள். பேரிங் உட்காரும் இரும்புப் பாகமான நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தைத்தான் அழுத்த வேண்டும். உள்வளையத்தை அழுத்தினால் அந்த விசை குண்டுகள் வழியாகப் போய், புது பேரிங்கே அன்றைக்கே காயப்பட்டுவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். பல புது பேரிங்குகளில் ஒரு பக்கத்து சீலில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சாருக்கான காந்த வளையம் இருக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு அணையாது, மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான்.

நடுவில் இருக்கும் ஆக்ஸில் நட்டைப் புதிதாகவே போடச் சொல்லுங்கள். கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து முறுக்க வேண்டும். அதை முழுக்க முறுக்காமல் வண்டியின் எடையைச் சக்கரத்தில் இறக்கக் கூடாது.

பேரிங்கை மாற்றும்வரை ஓட்டலாமா? கையில் ஆட்டம் தெரிந்தால் ஓட்டாதீர்கள், அந்தச் சக்கரம் தரையில் உருளாதபடி தூக்கிக்கொண்டு போகும் வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். ஆட்டம் இல்லாமல் சத்தம் மட்டும் என்றால் வேகம் வைக்காமல் நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம், நீண்ட பயணம் வேண்டாம்.

கழற்றிய பேரிங்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிறகு வலதையும் மாற்றியபோது நான் இரண்டையும் வாங்கினேன். முதலில் மாற்றிய இடது பேரிங்கில் குண்டுகள் ஓடும் பாதை துடைத்ததும் கண்ணாடி போலப் பளபளத்தது. வலதில் அதே பாதை முழுக்கக் குழி குழியாக அரித்துக் கிடந்தது.