ஜெர்மாட்டில் ஒரு வாரம் ஸ்கீ விடுமுறை: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

கேள்வி கேட்டவர் தந்த விவரம் இது. சூரிக் பக்கம் வேலை. கணவன், மனைவி, 11 வயது மகள், 7 வயது மகன். பெரியவர்கள் ஓரளவு ஸ்கீ பழகியவர்கள். பிள்ளைகள் இனிமேல்தான் ஆரம்பிக்க வேண்டும். பிப்ரவரிப் பள்ளி விடுமுறையில், சுவிஸ் ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் ஸ்கீ ஊரான ஜெர்மாட் போக ஆசை. எல்லாம் கூட்டினால் 7,000 ஃபிராங்க் வருகிறதாம். பெயருக்காகக் கொடுக்கும் விலையா, உண்மையிலேயே அதில் சரக்கு இருக்கிறதா என்று கேட்கிறார்.

சரக்கு இருக்கிறது. ஆனால் உங்கள் குடும்பத்துக்கு இந்த வருடம் அது பயன்படாது. அதனால் இந்த பிப்ரவரி வேண்டாம் என்பதுதான் என் பதில். ஜெர்மாட் எனக்கு மிகவும் பிடித்த ஊர். நானும் சூரிக் பக்கம்தான் குடியிருக்கிறேன். குளிர்காலம் வந்தால் குடும்பத்தோடு மலையேறுகிறவன். அவ்வளவு செலவழித்து அங்கே போய், மனம் கசந்து திரும்பும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஜெர்மாட்டின் விலை எதற்கு என்றால், முதலில் உயரத்துக்கு. ஐந்து நட்சத்திர ஓட்டல், கடிகாரக் கடை, எலெக்ட்ரிக் டாக்ஸி எல்லாம் அதற்குப் பின்னால்தான். ஊரே 1,600 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கேபிள் காரில் மாறி மாறி ஏறினால் 3,800 மீட்டருக்கும் மேலே கிளைன் மேட்டர்ஹார்ன் நிலையம். ஐரோப்பாவில் இதைவிட உயரத்தில் கேபிள் கார் நிலையம் கிடையாது. அங்கே ஸ்கீயை மாட்டினால் ஊர் வரைக்கும் ஏறக்குறைய 2,200 மீட்டர் இறக்கம். இத்தாலியப் பக்கத்து செர்வினியா, வால்டூர்னான்ஷ் இரண்டையும் சேர்த்தால் மொத்தம் 360 கிலோமீட்டர் சரிவுகள். பெரும்பகுதி இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இருப்பதால், மற்ற ஊர்களில் புல் தெரியும் ஏப்ரலிலும் இங்கே பனி கெட்டியாக நிற்கும்.

பத்து வருடத்துக்கு முன்னால் இந்த உயரத்துக்கு இவ்வளவு மதிப்பு கொடுத்திருக்க மாட்டேன். 2023 ஜனவரிக்குப் பிறகு கணக்கு மாறிவிட்டது. அந்தப் புத்தாண்டு அன்று வடமேற்கு சுவிட்சர்லாந்தின் டெலேமோன் நகரில் வெப்பநிலை 20 டிகிரியைத் தாண்டியது. அதே வாரம் அடல்போடன் என்ற சுவிஸ் ஊரில் உலகக் கோப்பை ஸ்கீ பந்தயம் நடந்தபோது, பச்சைப் புல்வெளிக்கு நடுவே வெள்ளைத் துணியை விரித்ததுபோல ஒரே ஒரு பட்டை செயற்கைப் பனி, சுற்றிலும் ஒன்றுமில்லை. தாழ்வான ஊர்களில் பணம் கட்டி முன்பதிவு செய்தவர்கள் அந்த விடுமுறையில் நடைப்பயணம்தான் போனார்கள். ‘பனி இருக்கும்’ என்ற உறுதியே இன்றைக்கு விற்பனைக்கு வந்துவிட்டது. அதை ஆல்ப்ஸில் மிக அதிக விலைக்கு, ஆனால் ஏமாற்றாமல் விற்கிற ஊர்களில் ஒன்று ஜெர்மாட்.

இரண்டாவது சரக்கு, மேட்டர்ஹார்ன் சிகரம். 4,478 மீட்டர். படத்தில் எத்தனை முறை பார்த்திருந்தாலும், ஊருக்கு மேலே சுன்னெக்கா நிலையத்தில் சுரங்க ரயிலை விட்டு வெளியே வந்ததும் காலை வெயிலில் அது எதிரே நிற்கும்போது பேச்சு நின்றுவிடும். கோர்னர்கிராட் என்ற மலைமுகட்டுக்கு ஒரு பல்சக்கர ரயில் போகிறது. 1898இலிருந்து ஓடுகிறது, சுவிட்சர்லாந்தின் முதல் மின்சாரப் பல்சக்கர ரயில் அது. 3,089 மீட்டரில் இறங்கினால் நாலாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் 29 கண்ணில் படும். சுவிட்சர்லாந்தின் மிக உயர்ந்த சிகரமான டுஃபூர்ஷ்பிட்ஸும் அதில் ஒன்று. ஸ்கீ தெரியாதவர்களும் இந்த ரயிலில் போகலாம். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் நான் கூட்டிப்போவது அங்கேதான்.

இனி பணம். நான் சொல்லும் தொகைகள் தோராயமானவை. மலைமேல் ஏற்றும் லிஃப்டுகளுக்கான பாஸின் விலை விமான டிக்கெட்போல நாளுக்கு நாள் மாறும். பெரியவருக்கு ஒரு நாள் 90 ஃபிராங்கை ஒட்டி வரும், இத்தாலியப் பக்கத்தையும் சேர்த்தால் இன்னும் ஏறும். சின்னப் பிள்ளைகளுக்குப் பாஸ் இலவசமாகக் கிடைக்கிறது, ஏழு வயது மகனுக்கு அது மிச்சம். ஆனால் பிள்ளைகள் இருவரையும் ஐந்து நாள் ஸ்கீ ஸ்கூலில் குழு வகுப்பில் சேர்த்தாலே பாஸில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். தனி ஆசிரியர் வைத்தால் ஒரு நாளுக்கே நானூறு ஃபிராங்குக்கு மேல் கேட்பார்கள். அதற்குமேல் நாலு பேருக்கு ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் வாடகை. தங்குமிடம்தான் எல்லாவற்றையும் விழுங்கும்: பிப்ரவரி விடுமுறை வாரங்களில் சமையலறையோடு ஒரு சின்ன ஃபிளாட், அதே ஃபிளாட்டுக்கு ஜனவரி நடுவில் கேட்பதைவிட மிக அதிகம். நீங்கள் சொன்ன 7,000 மிகையான கணக்கில்லை.

மலையில் சாப்பாடு ஆளுக்கு 25, 30 ஃபிராங்க் சாதாரணமாக ஆகிவிடும். ஃபிண்டெல்ன் என்ற பழைய மரவீட்டுக் குடியிருப்பில் இருக்கும் உணவகங்கள் புகழ் பெற்றவை, விலையும் அதற்கேற்றபடி. அங்கே ஒரு மதியம் உட்காரலாம், ஒரு மதியம் போதும். மற்ற நாட்களில் நாங்கள் ரயில் நிலையத்துப் பக்கத்திலேயே இருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டியும் சீஸும் வாங்கிக்கொள்வோம். புளியோதரை வீட்டிலிருந்தே டப்பாவில் வந்துவிடும். வெயில் இருந்தால் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து மேட்டர்ஹார்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது எனக்கு எந்த உணவகத்தையும்விடப் பிடிக்கும்.

பயணத்துக்கு ஹால்ப்டாக்ஸ் அட்டை இருந்தால் ரயில் கட்டணம் பாதி. சூரிக்கிலிருந்து விஸ்ப் வந்து ஒரே ஒரு மாற்றம், மூன்றே கால் மணி நேரத்தை ஒட்டி ஆகும். காரில் போவதில் பொருளில்லை. ஜெர்மாட்டுக்குள் பெட்ரோல், டீசல் கார் போகவே கூடாது; கீழே இருக்கும் டெஷ் ஊரில் நிறுத்திவிட்டு, நிறுத்தக் கட்டணமும் கட்டி, அங்கிருந்து ரயிலில்தான் போக வேண்டும்.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும் உங்களை ஏன் தடுக்கிறேன் என்றால், ஆரம்பப் பாடத்துக்கு ஏற்ற ஊராக ஜெர்மாட் அமையவில்லை. பள்ளத்தாக்கின் அடியில் வீடுகள் நெருக்கிக் கிடக்கின்றன. ஸ்கீயை மாட்டியதும் வழுக்கிப் பழக ஊருக்குள் சமதளம் கிடையாது. குழந்தைகள் பழகும் இடம் சுன்னெக்காவுக்குக் கீழே லைசே ஏரிக்கரையில் இருக்கிறது. கோர்னர்கிராட் ரயில் வழியில் ரிஃபெல்பெர்க்கில் நல்ல நீலச் சரிவுகள், அதாவது எளிதானவை, உண்டு. அவை இரண்டும் அருமையான இடங்கள்தான். ஆனால் தினமும் காலை தங்குமிடத்திலிருந்து நாலு ஜோடி ஸ்கீயைச் சுமந்து, கனத்த பூட்ஸில் பிள்ளைகளை நடத்தி, பஸ் ஏறி, ரயில் ஏறி அங்கே போய்ச் சேர வேண்டும். சாயங்காலம் ஊருக்கு இறங்கும் சரிவுகள் பல சிவப்பு, அதாவது நீலத்தைவிடக் கடினமானவை. மதியத்துக்குப் பின் கூட்டமும் பனிக்கட்டியும் சேர்ந்துகொள்ளும். பழகாதவர்கள் லிஃப்டிலேயே இறங்குவது நல்லது. 360 கிலோமீட்டருக்குப் பணம் கட்டிவிட்டு முந்நூறு மீட்டர் நீளப் பயிற்சிச் சரிவில் ஒரு வாரம் கழிப்பது உங்களுக்கு நியாயமாகப் படுகிறதா?

பிள்ளைகள் கற்றுக்கொள்ள, நமக்கு அருகிலிருக்கும் ஃப்ளும்செர்பெர்க் என்ற ஸ்கீ மலை போதும். உன்டர்டெர்ட்ஸன் ரயில் நிலையத்தில் இறங்கினால் மேலே ஏற்றும் கொண்டோலா (கேபிள் கார்) பக்கத்திலேயே. காலையில் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம், தங்கும் செலவே இல்லை. பனி சரியில்லாத வார இறுதியில் போகாமல் இருந்துவிடலாம், முன்பணம் போகாது. தாழ்வான மலையின் பலவீனத்தை வீட்டுக்கு அருகில் இருப்பது ஈடுகட்டிவிடுகிறது. பிள்ளைகள் சிவப்புச் சரிவில் பயமில்லாமல் திரும்பப் பழகிய பிறகு ஜெர்மாட்டைப் பற்றி யோசியுங்கள்.

அப்போதும் பிப்ரவரி வேண்டாம். மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் தொடக்கம், ஈஸ்டர் வாரத்தைத் தவிர்த்து. பகல் நீளம், வெயில் இதம், மேலே பனிக்குக் குறைவில்லை, தங்குமிட விலையும் இறங்கியிருக்கும். ஒரு வாரம்கூட வேண்டியதில்லை; வார நடுவில் மூன்று நாள் போதும். ஒரு நாள் ரோட்ஹார்ன் பக்கம், ஒரு நாள் கோர்னர்கிராட், வானம் தெளிந்து காற்றில்லாத நாளில் மேலே பனியாற்றுக்கு. அவ்வளவு உயரத்தில் சிலருக்குத் தலை வலிக்கும், மூச்சு வாங்கும். முதல் நாளே பிள்ளைகளை அங்கே ஏற்றாதீர்கள்.

யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்: அதே மலையை இத்தாலியப் பக்கத்திலிருந்தும் அடையலாம். செர்வினியா 2,050 மீட்டரில் இருக்கிறது. ஊர் அழகில்லை, கான்கிரீட் கட்டடங்கள். மேட்டர்ஹார்னும் அந்தப் பக்கத்தில் அந்தக் கூர்மையான வடிவத்தில் தெரியாது. ஆனால் சரிவுகள் அகலமானவை, சாய்வு குறைவு. பழகிக்கொண்டிருப்பவர்களுக்கு ஜெர்மாட் பக்கத்தைவிட அதுதான் பொருத்தம். தங்குமிடம், ஸ்கீ ஸ்கூல், காபி எல்லாமே விலை குறைவு. தெம்பு வந்த நாளில் சுவிஸ் பக்கத்தையும் சேர்த்த பாஸ் வாங்கி எல்லை தாண்டிக் கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: மேலே காற்று பலமானால் எல்லை லிஃப்டுகள் நின்றுவிடும். தவறான பக்கத்தில் மாட்டிக்கொண்டால் சாலை வழியே சுற்றி வரப் பல மணி நேரமும் நூற்றுக்கணக்கான ஃபிராங்க் டாக்ஸிச் செலவும் ஆகும். மதியம் இரண்டு மணிக்குள் சொந்தப் பக்கம் திரும்பிவிடுவது நல்லது.

உயரம் தரும் உறுதிக்கும் ஓர் எல்லை உண்டு. 2018 ஜனவரியில் பனி அதிகமாகக் கொட்டி, சாலையும் ரயிலும் அடைபட்டு, 13,000 பேர் ஜெர்மாட்டுக்குள் சிக்கினார்கள். ஹெலிகாப்டரில் சிலரை வெளியே கொண்டுவந்தார்கள். மறுபுறம், வருடம் முழுவதும் ஸ்கீ செய்யலாம் என்று பெயர் பெற்ற டியோடுல் பனியாற்றிலேயே 2022 ஜூலை இறுதியில் வெப்பத்தால் ஸ்கீயை நிறுத்த வேண்டி வந்தது. 2022, 2023 இரண்டே வருடங்களில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் மொத்தப் பனியில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. இந்த இரண்டு வருடமும் ஜெர்மாட்டுக்கும் செர்வினியாவுக்கும் இடையே நடத்தத் திட்டமிட்ட உலகக் கோப்பைப் பந்தயங்கள் ஒன்றுகூட நடக்கவில்லை. 2023 இலையுதிர் காலத்தில் பந்தயப் பாதைக்காகப் பனியாற்றை எக்ஸ்கவேட்டர் தோண்டும் படங்கள் வந்தபோது நாடே கொதித்தது. எனக்கும் அந்தப் படங்களைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஜெர்மாட் போக வேண்டாம் என்று அதற்காகச் சொல்ல மாட்டேன். ரயிலில் போங்கள், பனியாறு இருக்கும்போதே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், ஏன் சுருங்குகிறது என்று அங்கேயே நின்று சொல்லுங்கள் என்பேன்.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க விரும்புகிறேன். ஊரில் நிரந்தரமாக வசிப்பவர்கள் ஆறாயிரத்துக்கும் குறைவு. அறையைத் துடைப்பவர், பாத்திரம் கழுவுபவர், லிஃப்டில் நம் பிள்ளையைத் தூக்கி உட்காரவைப்பவர் என்று பலர் போர்த்துகீசியர்கள். ஊருக்குள் வாடகை கொடுக்க முடியாமல் டெஷிலும் சாங்க்ட் நிக்லௌஸிலும் குடியிருந்து தினமும் ரயிலில் வருகிறார்கள். சுவிஸ் ஓட்டல் சமையலறைகளில் உழைத்துத்தான் இந்த நாட்டில் ஈழத் தமிழர்களின் முதல் தலைமுறையில் பலர் காலூன்றினார்கள். அவர்களில் சிலரோடு பழகியதால் இது என் கண்ணில் படாமல் போவதில்லை. பாஸ் விலையைக் குறைக்க வழி தேடுங்கள், தங்குமிடத்தில் பேரம் பேசுங்கள். அறையைச் சுத்தம் செய்தவருக்கு வைக்கும் பணத்தில் மட்டும் கை குறுக வேண்டாம்.

கடைசியாகக் காப்பீடு. எந்த ஊருக்குப் போனாலும் இதைப் பாருங்கள். வாரம் எட்டு மணி நேரமாவது வேலை பார்க்கும் ஊழியருக்கு, ஸ்கீயில் விழுந்தாலும் நிறுவனத்தின் விபத்துக் காப்பீடு செல்லும். வேலைக்குப் போகாத துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் அது கிடையாது. அவர்களுக்கு அடிப்படை மருத்துவக் காப்பீடு மீட்புச் செலவில் பாதியைத்தான் தரும், அதுவும் வருடத்துக்கு 5,000 ஃபிராங்க் வரை. ஹெலிகாப்டர் வந்தாலே சில ஆயிரம் ஃபிராங்க் ஆகிவிடும். 1968இலிருந்து இயங்கும் ஏர் ஜெர்மாட் என்ற ஹெலிகாப்டர் மீட்பு அமைப்பின் மீட்பு அட்டையோ, உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் கூடுதல் திட்டமோ, ஏதாவது ஒன்று குடும்பத்தில் எல்லோருக்கும் இருக்கிறதா என்று ஃப்ளும்செர்பெர்க் போகும் முதல் சனிக்கிழமைக்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.